மூணு எழுபத்தெட்டு நானூறு

அந்த வண்டி எங்கள் யார்டுக்கு வந்து இருநூற்று எழுபத்தொரு நாள் ஆகியிருந்தது. வெள்ளை நிறம், டீசல். போன ஏப்ரலில் லாரியிலிருந்து இறங்கியது. இப்போது 2006 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம்.

கார் விற்கும் இடத்தில் இந்த நாள் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். வண்டிகள் பேங்க் கடனில்தான் வந்து நிற்கின்றன. நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி ஏறும். டிசம்பர் தாண்டிவிட்டால் இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொள்ளும். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும். ஆர்.சி. புத்தகத்தில் 2005 என்று விழும். அதனால் ஜனவரியில் பேரம் பேசத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஓசூர் மெயின் ரோட்டில் இருக்கும் ஷோரூம்களில் ஏறி இறங்குவார்கள். சிலர் டயரைக் காலால் தட்டிப் பார்ப்பார்கள். சிலர் பெங்களூரில் வாங்கிய விலைச்சீட்டைப் பையிலிருந்து எடுத்து, காட்டாமலே மடித்து வைத்துக்கொள்வார்கள். பர்கூரிலிருந்து வந்த கிரானைட்காரர் ஒருவர், பழைய சோற்றுக்குப் புது விலையா என்று கேட்டுவிட்டு, கார் விலையில் நாற்பதாயிரம் குறைத்து, மேட், சீட் கவர், ஒரு பெட்டி இனிப்பு எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்திருக்கிறேன். அங்கே என் வேலை விலைச்சீட்டும் புக்கிங் ஃபாரமும் அடிப்பது. பிரிண்டர் மேனேஜர் அறையில் இருந்ததால் என் நாற்காலியும் அங்கேயே ஒரு மூலையில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதத்தில் நான் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம் என்று சேல்ஸில் இருந்த ஃபைஸான் சொல்வான். எனக்கு அவன் வைத்த பெயர் சைலன்சர். காலையில் உள்ளே வரும்போதே, "என்ன சைலன்சர், இன்னிக்கும் பொகையே காணோம்" என்பான். நான் சிரிப்பேன். அந்த இடத்தில் என்னிடம் தினமும் ஏதாவது பேசிய ஒரே ஆள் அவன்தான். சூளகிரியிலிருந்து பஸ்ஸில் வருவான். அவன் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது.

திங்கட்கிழமை மாலை பெங்களூரிலிருந்து முதலாளி போன் செய்தார். மேனேஜர் பிரதாப் சார் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கன்னடத்தில் பேசினார்கள். யார்டில் மிச்சமிருந்த ஐந்து பழைய வண்டிகளுக்கும் கடைசி விலை முடிவானது. அந்த வெள்ளை வண்டிக்கு வட்டி, இன்ஷூரன்ஸ், ரோடு டாக்ஸ் எல்லாம் கூட்டி முதலாளி சொன்ன தொகை மூன்று லட்சத்து எழுபத்தெட்டாயிரத்து நானூறு. அதற்குக் கீழே ஒரு ரூபாய் இறங்கக் கூடாது. போர்டில் போட்டிருந்தது நாலு இருபத்தொன்று.

எனக்குக் கன்னடம் புரியும் என்று பிரதாப் சாருக்குத் தெரியும். ஓசூரில் வளர்ந்த யாருக்குத்தான் புரியாது. நான் அங்கே இருப்பதை அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் ஃபைஸானைக் கூப்பிட்டு ஐந்து விலையையும் சொன்னார். சேல்ஸில் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வண்டியை வாங்க நினைத்திருந்தவர் என் அப்பா.

அப்பா அழகர்சாமிக்குச் சொந்த ஊர் மேலூர்ப் பக்கம். இருபத்தாறு வருஷம் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தார். உருளைகளை அளந்து, அளவைச் சத்தமாகச் சொல்லும் வேலை. பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார். அக்டோபரில் அந்தப் பிரிவை மூடி, வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அத்திப்பள்ளியில் வெங்கடப்பன் என்ற காண்ட்ராக்டர், எலக்ட்ரானிக் சிட்டி கால் சென்டர்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்க வண்டிகள் எடுத்துக்கொண்டிருந்தார். புது வண்டியோடு வந்தால் மாதச் சம்பளம் மாதிரி வந்துவிடும் என்று சொல்லியிருந்தார். அப்பாவிடம் இருந்த பணத்துக்கு மூன்று எழுபத்தெட்டு நானூறு சரியாக எட்டும். அதற்கு மேல் போனால் அம்மாவின் சங்கிலியை அடகு வைக்க வேண்டும்.

எங்கள் ஷோரூமில் ஒரு விதி இருந்தது. போன வருஷத்து வண்டிகளை வேலை செய்பவர்களின் வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். முன்பு யாரோ ஒருவர் தன் மச்சான் பெயரில் மூன்று வண்டி எடுத்துப் பெங்களூரில் லாபத்துக்கு விற்றுவிட்டாராம். அதனால் அப்பா என்னைத் தெரியாத யாரோ ஒருவராகத்தான் வரவேண்டும் என்று சொன்னேன். விதியைக் காரணமாகச் சொன்னேன். விதி இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அப்பா செக்யூரிட்டியிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் கையைத் தூக்கிக் கும்பிடுவார். அதை ஃபைஸானும் மற்றவர்களும் பார்ப்பதை நினைத்தபோது எனக்குக் காது சுட்டது.

கடைசி விலையை அன்றிரவே வீட்டில் சொன்னேன். மூன்று ஐம்பதில் ஆரம்பிக்க வேண்டும், இரண்டிரண்டு ஆயிரமாக ஏற வேண்டும், எழுபத்தைந்துக்கு மேல் யோசிப்பதுபோல் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து மேனேஜர் ஆனாள்.

"நாலு இருபத்தொண்ணுக்குப் பைசா கொறையாது" என்றாள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணு எழுபத்தெட்டு நானூறு."

"எடுத்த எடுப்புலயேவா? வெளங்கும். கொத்தமல்லிக் கட்டுக்கே நாலு தடவ நடந்து போயித் திரும்பி வரணும் மனுசன்."

"மூணு அம்பதுன்னு எப்பிடிடீ சொல்றது? அந்த வெல இல்லையில்ல. இல்லாத அளவ எப்பிடிச் சொல்ல?"

நான்கைந்து தடவை முயன்றோம். ஒரு முறை மூன்று ஐம்பது என்று சொல்லிவிட்டார். சொன்னதும் பொய் சாட்சி சொன்னவர்போல முகம் வெளுத்தது. தானே போய்ப் பேசி முடிப்பதாக அம்மா சொன்னாள். அம்மா வந்திருந்தால் மூன்று இருபதில் ஆரம்பித்திருப்பாள். ஆனால் அம்மாவின் குரல் தெருமுனை வரை கேட்கும். நான் வேண்டாம் என்றேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அப்பா வந்தார். நான் எடுத்து வைத்த வெள்ளைச் சட்டைதான். கடையில் மடித்த மடிப்பு நெஞ்சில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஃபைஸான் அவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, வண்டியைச் சுற்றிக் காட்டினான். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபைஸான் கதவைத் திறந்துவிட்டபோது அப்பா அவனைக் கும்பிட்டார்.

பேரம் முற்றினால்தான் வாடிக்கையாளரை மேனேஜர் அறைக்குள் அழைத்து வருவார்கள். அப்பா வெளியே விலையே பேசவில்லைபோல, பத்து நிமிடத்தில் உள்ளே வந்துவிட்டார். பிரதாப் சாரைக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "வணக்கம் மேடம்" என்றார்.

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை அசைத்தேன். விலைச்சீட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தபோது, கம்பெனியில் ஆபீசர் யாராவது கிட்டே வந்தால் எழுந்திருப்பாரே, அதேபோல் பாதி எழுந்தார். பழக்கமா, எனக்காக நடித்தாரா என்று தெரியவில்லை. நான் அவசரமாக என் இடத்துக்குத் திரும்பினேன்.

பிரதாப் சார் நாலு இருபத்தொன்று என்று ஆரம்பித்தார். இது போன வருஷத்து வண்டி என்பதை ஒத்துக்கொண்டு, அதற்காகப் பத்தாயிரம் குறைக்கலாம் என்றார். உங்கள் மனதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள் என்றார்.

அப்பா டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தார். மூணு அம்பது, மூணு அம்பது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மூணு எழுபத்தெட்டு நானூறு சார்."

பிரதாப் சாரின் கையில் சுழன்றுகொண்டிருந்த பேனா நின்றது.

"எவ்ளோ?"

சரியாகக் கேட்கவில்லைபோல என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். எழுதிக்கொள்பவருக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "மூணு லட்சத்து, எழுபத்தெட்டாயிரத்து, நானூறு."

"அந்த நானூறு எதுக்கு சார்?"

அப்பா மேசையின் ஓரத்தைப் பார்த்தார். பிரதாப் சார் சிரித்தபடியே, இந்தத் தொகை எங்கே கிடைத்தது என்று கேட்டார். நானாகக் கணக்குப் போட்டேன் என்றார் அப்பா. எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டதும் காலி டம்ளரை மறுபடியும் கையில் எடுத்தார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

பிரதாப் சார் ஃபைஸானைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். இந்த விலை தனக்கும் முதலாளிக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும் என்றார். பர்கூர் கிரானைட்காரரும் கடைசி விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றதை நினைவுபடுத்தினார். அன்றைக்கே சந்தேகம் என்றார். ஃபைஸான் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பிறகு அவன் முகம் மாறியது.

"அல்லா அறிய நான் சொல்லல சார். இவர இப்பத்தான் மொதல்ல பாக்கறேன்."

"பாத்த பத்து நிமிசத்துல நானூறு வரைக்கும் சொல்லிட்டியா? எவ்ளோ பேசினே? அஞ்சா, பத்தா?"

"நான் எதும் வாங்கல சார். இவரு வெளிய வெலையே கேக்கல. பூங்கொடி கண்ணாடி வழியா பாத்துட்டுத்தான் இருந்துச்சு, அதக் கேளுங்க."

பிரதாப் சார் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "அதுவா? அது வாயத் தொறந்தா அன்னிக்கு ஷோரூமுக்கு லீவு விடணும்ப்பா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். நல்லவேளை என்று தோன்றியது. என்மேல் யாருக்கும் சந்தேகம் வராது என்று தோன்றியது. அடுத்த நொடியே அப்படித் தோன்றியதற்குக் கூசியது. ஆனாலும் கீபோர்டின் மேல் குனிந்துதான் இருந்தேன்.

இந்தத் தொழிலில் விலையைக் கசிய விட்டவன் என்று பெயர் வாங்கினால் வேறு ஷோரூமிலும் வேலை கிடைக்காது. மேனேஜர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்வார்கள். பிரதாப் சார் அதையும் சொன்னார். ஒரு போன் போதும், கிருஷ்ணகிரி வரை ஒருத்தனும் சேர்க்க மாட்டான் என்றார்.

அப்போது அப்பா எழுந்து நின்றார்.

"சார், அந்தத் தம்பி ஒண்ணும் சொல்லல. நாந்தேன் தெரியாமக் கேட்டுப்புட்டேன். மூணு தொண்ணூறு குடுத்துர்றேன்."

பிரதாப் சார் அவரை வியப்போடு பார்த்தார். விலையை இப்படி ஏற்றிக் கேட்பவரை அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை.

"நாலு குடுத்துர்றேன் சார்."

"நீங்க ஏன் சார் ஏத்தறீங்க? இவனுக்கும் உங்களுக்கும் அப்பிடி என்ன?"

"நாலு பத்து" என்றார் அப்பா. "நீங்க மொதல்ல சொன்னதுக்குக் கிட்டத்தட்ட வந்துருச்சுல்ல சார். இனி அந்த நானூறுங்குற பேச்சே இல்லைல்ல. தம்பிய விட்ருங்க."

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. தவறான அளவைச் சொல்லிவிட்டால் அதை அடித்துவிட்டுச் சரியானதை எழுதலாம். கம்பெனியில் அப்படித்தான். அடித்த எண்ணுக்குப் பிறகு மதிப்பு இல்லை. இங்கே அவர் ஏற ஏற, இரண்டு பேருக்கும் ஏதோ இருக்கிறது என்பது பிரதாப் சாருக்கு உறுதியாகிக்கொண்டே போனது. ஃபைஸானும் அப்பாவைக் குழப்பத்தோடு பார்த்தான். பிறகு அந்தப் பார்வையில் கோபம் வந்தது. முன்பின் தெரியாத ஒருவர் தன்னை எதில் மாட்டிவிடுகிறார் என்று அவனுக்கு விளங்கவில்லை.

நாலு பத்தில் முப்பத்தோராயிரத்து அறுநூறு அதிகம். அது அம்மாவின் சங்கிலி.

பிரதாப் சார் வியாபாரி. வந்த விலையை விடுகிறவர் இல்லை. "சரி சார், நாலு பத்து. சந்தோஷம்" என்று அப்பாவுக்குக் கை கொடுத்தார். அந்தக் கையை விடாமலே ஃபைஸானிடம், "கார்டக் கழட்டி வெச்சிட்டுக் கெளம்பு. கணக்கு நாளைக்கு முடிச்சிக்கலாம்" என்றார்.

"சார், நான் குடுக்குறேன்னது..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"உங்க வேல முடிஞ்சது சார். இது எங்க வீட்டுப் பிரச்சன." பிறகு என் பக்கம், "பூங்கொடி, ஃபாரம் எடு. அட்ரஸ் கேட்டு அடி."

ஃபைஸான் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினான். நாடாவைச் சுற்றி மடித்து மேசையில் வைத்தான். போகவில்லை, அப்படியே நின்றான்.

நான் ஃபாரத்தைத் திரையில் திறந்தேன். அப்பா என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். உட்காரச் சொல்லவேண்டும் என்று தோன்றியது, சொல்லவில்லை.

"பேரு?" என்றேன்.

"அழகர்சாமி மேடம்."

அடித்தேன். "அட்ரஸ்?"

அவர் முதல் முறையாக என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லலாமா, வேறு ஏதாவது சொல்லவா என்று கேட்கிற பார்வை. நான் எதுவும் காட்டவில்லை. வேறு முகவரி அவருக்குச் சொல்லத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

"எழுதிக்கங்க மேடம்" என்றார். "மூக்கண்டப்பள்ளி. தண்ணி டேங்குக்குப் பின்னாடி சந்து. உள்ள வந்தா வலது கைப்பக்கம் மூணாவது வீடு." எனக்கு வழி தெரியாமல் போய்விடக் கூடாது என்பதுபோல ஒவ்வொன்றையும் நிறுத்திச் சொன்னார். "பச்ச கேட்டு. முன்னால மாவு மில்லு இருக்கும். யார்கிட்ட வேணா கேட்டா சொல்லுவாக."

தினமும் நான் திரும்பிப் போகும் வீடு அது. என் விரல்கள் "மூன்றாவது வீடு" வரை அடித்துவிட்டு நின்றுவிட்டன.

"வீட்ல போன் இருக்குங்களா சார்னு கேளு" என்றார் பிரதாப் சார் அங்கிருந்தே.

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. அந்தச் சத்தத்துக்கு மூன்று பேரும் திரும்பினார்கள். அப்பா மட்டும், யாருக்கும் தெரியாத அளவுக்கு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"சார்" என்றேன். பிரதாப் சார் போனை எடுத்து எண்களை அழுத்த ஆரம்பித்திருந்தார். அடுத்த ஷோரூமுக்கு என்று தெரிந்தது.

"சார், அவரு எங்கப்பா. வெலயச் சொன்னது நான்."